சுருள் ஸ்பிரிங்குகளுக்கு ஷாட் பீனிங்: ஒரு ஜாப் ஒர்க் கூடத்தில் ஓராண்டு

சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக மோதவிட்டு எஃகின் மேற்பரப்பை வலுப்படுத்தும் வேலைக்கு ஷாட் பீனிங் என்று பெயர். கோவையின் தென்புறத்தில் இருக்கும் அப்படியொரு கூடத்துக்குக் கடந்த ஓராண்டாக எங்கள் சுருள் ஸ்பிரிங்குகளை ஜாப் ஒர்க் முறையில் அனுப்பி வருகிறோம். அதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் வேறொரு கூடத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தோம். இரண்டு கூடங்களைப் பற்றியும் குறை சொல்ல இருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஸ்பிரிங், அச்சு, பல்சக்கரம் போன்றவற்றைச் செய்து மேற்பரப்பு வேலைக்கு வெளியே அனுப்பும் சிறுதொழில் செய்பவர்கள், எதைப் பார்த்து ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு இது பயன்படும்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கல் குவாரிகளின் கிரஷர்களில் ஜல்லியைத் தரம் பிரிக்கும் அதிர்வுச் சல்லடைகளுக்கு அடியில் நிற்கும் ஸ்பிரிங்குகள்தாம் எங்கள் பட்டறையின் முக்கிய உற்பத்தி. 16 மி.மீ. கம்பி, வெளிவிட்டம் 130 மி.மீ., சுமையில்லாத உயரம் 260 மி.மீ., எடை ஒன்றுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ. குரோம்-வனேடியம் எஃகுக் கம்பியைச் சூடாக்கிச் சுருட்டி, எண்ணெயில் குளிரவைத்து, பின் டெம்பர் செய்து, அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கி, ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 44 முதல் 48-க்குக் கொண்டுவருகிறோம். சல்லடை நிமிடத்துக்கு 900 முறை அதிர்கிறது என்றால், எட்டு மணி நேர ஷிப்டில் ஸ்பிரிங் 4,32,000 முறை அமுங்கி எழுகிறது. இருபத்து நான்காவது நாளில் கணக்கு ஒரு கோடியைத் தாண்டிவிடுகிறது. சுமையைப் பார்த்தால் எஃகு தாங்க வேண்டிய எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் ஒரே சுமை கோடி முறை வந்து போகும்போது எஃகு அயர்ந்துபோகிறது. ரயில் அச்சுகளை வைத்து இந்த அயர்வை 1850-களிலும் 60-களிலும் முறைப்படி சோதித்தவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர். தகைவு, அதாவது எஃகின் ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கும் விசை, குறையக் குறைய அச்சு தாங்கும் சுற்றுகள் கூடுகின்றன என்று அவர் அன்று கண்டதையே இன்றும் வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறோம்.

பழைய கூடத்தில் பீனிங் செய்த ஸ்பிரிங்குகள் கரூர் மாவட்டம் க.பரமத்திப் பக்கத்தில் உள்ள ஒரு கிரஷரில் மூன்று, நான்கு வாரங்களில் உடைந்துகொண்டே இருந்தன. "அண்ணா, உங்க ஸ்பிரிங் மறுபடியும் போச்சு" என்று சொல்லி, அந்த வாடிக்கையாளர் கைப்பேசியில் படம் அனுப்புவார். கம்பியின் நீளவாக்குக்கு 45 பாகையில், முறுக்கிப் பிய்த்தாற்போல உடைந்திருக்கும். ஒருமுறை உடைந்த துண்டுகளையே லாரியில் வரவழைத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தின் ஒரு ஓரத்தில், கட்டைவிரல் நகத்தின் அடிப்பிறைபோல் சிறிய, வழுவழுப்பான ஒரு பகுதி, மீதியெல்லாம் சொரசொரப்பு. விரிசல் அந்தப் பிறையில் பிறந்து, மெல்ல வளர்ந்து, மிச்சமிருந்த கம்பி சுமை தாங்க முடியாமல் ஒரே நொடியில் அறுந்திருக்கிறது. ஆறு துண்டுகளில் ஐந்தில் அந்தப் பிறை சுருளின் உட்பக்கத்தில், அதாவது ஸ்பிரிங்கின் நடு அச்சை நோக்கிய முகத்தில் இருந்தது.

அது அங்கே இருந்ததில் வியப்பில்லை. சுருளாக வளைந்த கம்பியின் உட்பக்கத்தில் தகைவு எப்போதும் கூடுதல். கம்பியின் வளைவுக்காகக் கணக்கைத் திருத்தும் வால் (Wahl) கெழுவை எங்கள் அளவுகளுக்குப் போட்டுப் பார்த்தால், நேரான கம்பிக்கு வரும் கணக்கைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம். வியப்பாக இருந்தது வேறொன்று. உடையாத ஒரு புது ஸ்பிரிங்கை வட்டமாக அறுத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்சை வைத்துப் பார்த்தபோது, வெளிப்பக்கம் முழுக்கக் குழிகள் நிறைந்து சாம்பல் நிறத்தில் அழகாக இருந்தது. உட்பக்கத்திலோ டெம்பர் உலையிலிருந்து வந்த கருநீலத் தோல் பல இடங்களில் அப்படியே கிடந்தது. எந்த இடம் உடையுமோ அந்த இடத்தில் ஒரு குண்டுகூடப் பட்டிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக நாங்கள் கூலி கொடுத்தது துரு நீக்கும் வேலைக்குத்தான் என்பது அன்றுதான் புரிந்தது. அங்கே ஸ்பிரிங்குகளைக் குவியலாக உருட்டுப் பட்டை இயந்திரத்தில் கொட்டி, சிறிது நேரம் ஓட்டி எடுத்திருக்கிறார்கள். துருவையும் தோலையும் நீக்கும் ஷாட் பிளாஸ்டிங்கும், வலுப்படுத்தும் ஷாட் பீனிங்கும் ஒரே இயந்திரத்தில், ஒரே குண்டில் செய்யக்கூடியவை. வெளிவரும் பொருளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்தச் சேவையை வாங்குவதில் உள்ள முதல் சிக்கலே அதுதான்.

பீனிங் செய்யும் வேலை எளிமையானது. மில்லிமீட்டருக்கும் குறைவான உருண்டைகள் வேகமாக மேற்பரப்பில் மோதி ஒவ்வொன்றும் ஒரு சிறு குழியைப் பதிக்கின்றன. குழி விழுந்த தோல் பக்கவாட்டில் விரிய முயல்கிறது. அடியில் இருக்கும் அடிபடாத எஃகு அதை விரிய விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நடக்கும் இழுபறியில் தோல் நிரந்தரமாக நெருக்குண்டு கிடக்கிறது. எஞ்சிய அமுக்கத் தகைவு என்று அதைச் சொல்கிறோம். வேலையைப் பொறுத்து 0.1 மி.மீ. முதல் 0.5 மி.மீ. ஆழம்வரை அது இருக்கும். வெளியிலிருந்து வரும் இழுவிசை முதலில் இந்த நெருக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் எஃகைப் பிளக்க முடியும் என்பதால், மேற்பரப்பில் விரிசல் பிறப்பது தள்ளிப்போகிறது, பிறந்தாலும் வாய் திறக்க இடமில்லாமல் நின்றுபோகிறது. எஃகின் வேதியியலோ உள்ளே இருக்கும் கடினமோ மாறுவதில்லை. தகைவுப் பங்கீடு மட்டுமே மாறுகிறது. மோட்டார் வண்டிகளின் வால்வு ஸ்பிரிங்குகளில் இந்தப் பயனைக் கண்டுகொண்டு, அதை அளக்கவும் ஒரு வழி செய்தவர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் பணிபுரிந்த ஜான் ஆல்மன்.

புதிய கூடத்தைப் பற்றி நான் நல்லபடியாகச் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த ஆல்மன் ஸ்ட்ரிப்பைச் சுற்றியதே. 76 மி.மீ. நீளம், 19 மி.மீ. அகலமுள்ள தட்டையான ஸ்பிரிங் எஃகுத் தகடு அது. மெல்லியது 'என்' (N), நடுத்தரம் 'ஏ' (A), தடித்தது 'சி' (C) என்று மூன்று வகை உண்டு. எங்கள் வேலைக்கு 1.29 மி.மீ. தடிமனுள்ள ஏ வகை. அதை ஒரு இரும்புக் கட்டையில் நான்கு திருகுகளால் அழுத்திப் பிடித்து, பொருள் போகும் பாதையிலேயே அனுப்புகிறார்கள். வெளியே வந்ததும் திருகுகளைத் தளர்த்தினால், தகடு கட்டையைவிட்டு எழும்பி வில்லாக வளைந்து நிற்கும். வெயிலில் காயும் அப்பளம் வெயில் பட்ட பக்கமாகக் குழியும். இந்தத் தகடு அடிபட்ட பக்கமாகப் புடைக்கும். அந்தப் புடைப்பின் உயரத்தை டயல் கேஜில் படித்தால் அடியின் தீவிரம் எண்ணாகக் கிடைத்துவிடும். நான் முதன்முறை போனபோது, இயந்திரம் ஓட்டும் மூத்தவர் என் கையில் ஒரு வளைந்த தகட்டைக் கொடுத்து, "ஏனுங்க, இதைப் பார்க்காம நான் உங்க சரக்கை உள்ளே விட மாட்டேனுங்க" என்றார். பழைய கூடத்தில் ஆல்மன் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை.

தகட்டில் ஓர் எண்ணைப் படித்தால் மட்டும் போதாது என்பதையும் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஸ்பிரிங்குக்காக முதல் நாள் நான்கு தகடுகளை முறையே 4, 8, 12, 16 சுற்றுகள் ஓட்டி அளந்தார்கள். உயரங்கள் 0.31, 0.41, 0.44, 0.45 மி.மீ. என்று வந்தன. நாலிலிருந்து எட்டுக்குப் போகும்போது உயரம் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. எட்டிலிருந்து இரட்டிப்பாகப் பதினாறுக்குப் போனபோது பத்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகவே ஏறியது. நேரத்தை இரட்டித்தாலும் உயரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாத அந்தப் புள்ளிதான் நிறைவுப் புள்ளி. அங்கே உள்ள 0.41-ஐத்தான் தீவிரம் என்று எழுத வேண்டும். ஒரே ஒரு தகட்டை ஓட்டி எடுத்து, வாடிக்கையாளர் கேட்ட எண் வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கூடங்களும் உண்டு. பலவீனமான அடியை நீண்ட நேரம் அடித்தாலும், வலுவான அடியைக் கொஞ்ச நேரம் அடித்தாலும் அதே எண்ணைக் காட்டிவிடலாம் என்பதால், இப்படிப் பல தகடுகளை ஓட்டி வரைந்த வளைவரை இல்லாத சான்றிதழுக்குப் பெரிய பொருளில்லை.

அடுத்தது உட்பக்கம். தட்டையாக வைத்த தகடு நேரடி அடியைத்தான் அளக்கும். எங்கள் சிக்கலோ சுருளின் உள்ளே. சுருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அதன் வழியே நுழைந்து எதிர்ப்பக்க உள்முகத்தில் போய் மோதும் குண்டுகளால் மட்டுமே அங்கே வேலை நடக்கும். இதைச் சொன்னதும், கழித்துப்போட்ட ஸ்பிரிங் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். அதன் ஒரு பக்கத்தில் நான்கைந்து சுருள்களை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் தகடு பிடிக்கும் கட்டையை, தகட்டின் முகம் சுருளின் உள்முகம் இருந்த அதே இடத்தில் நடு அச்சைப் பார்த்து நிற்குமாறு பற்றவைத்தார்கள். முதல் ஓட்டத்தில் உள்ளே கிடைத்த உயரம் வெளியே கிடைத்ததில் பாதிகூட இல்லை. ஸ்பிரிங்குகளைக் குவியலாகக் கொட்டாமல், இரண்டு உருளைகளின் மேல் ஒவ்வொன்றாகச் சுழன்றபடி குண்டுகளை வீசும் சக்கரத்துக்கு அடியில் நகரும் இயந்திரத்துக்கு மாற்றி, நகரும் வேகத்தையும் குறைத்த பிறகே உள்முகம் தேறியது. இதற்காக அவர்கள் மூன்று நாள்கள் செலவிட்டார்கள். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

குழிகள் மேற்பரப்பில் எவ்வளவு பங்கை மூடியிருக்கின்றன என்பதையும் தனியாகப் பார்க்கிறார்கள். காய்ந்த சிமெண்ட் தரையில் விழும் முதல் மழைத்துளிகளை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பாதி நனைந்த பிறகு விழும் துளிகளில் பாதி ஏற்கெனவே நனைந்த இடத்திலேயே விழும். ஒரு சுற்றில் 80 சதவீதம் மூடினால், அடுத்த சுற்று மிச்சமுள்ள 20-இல் 80 சதவீதத்தை மூடி 96-க்குக் கொண்டுவரும். மூன்றாவது 99-ஐத் தொடும். முழு நூறு என்பது கணக்கில் எட்டாது என்பதால் 98-ஐ நிறைவாகக் கொள்வது வழக்கம். அதற்கு எடுத்த நேரத்தைப்போல் இரு மடங்கு ஓட்டினால் 200 சதவீதம் என்கிறார்கள். எங்கள் வேலைக்கு 200 கேட்டோம். அளவுக்கு மீறிப் போனால் மேற்பரப்பு மடிந்து நுண்விரிசல் விழும், பிறகு நன்மையே தீமையாகிவிடும் என்று அவர்களே எச்சரித்ததால் அதற்கு மேல் கேட்கவில்லை.

குண்டுகளின் பராமரிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியாது. அவர்கள் எங்களுக்குப் பயன்படுத்துவது எஸ்-330 வார்ப்பெஃகுக் குண்டு. பெயரளவு விட்டம் 0.84 மி.மீ. மோதி மோதி அது உடையும். உடைந்த சில்லு உருண்டையாகக் குழி பதிக்காது, உளிபோல் கீறும். அந்தக் கீறலே அடுத்த விரிசலுக்கு விதையாகலாம். இந்தக் கூடத்தில் குண்டுகள் திரும்பி வரும் பாதையில் ஒரு திருகுச் சரிவு வைத்திருக்கிறார்கள். உருண்டையானவை வேகமெடுத்து வெளியோரம் ஓடிவிடும், உடைந்தவை உருள முடியாமல் உள்ளோரமாகவே தேங்கி விழும். முறத்தில் அரிசி புடைப்பதை இரும்பில் செய்து வைத்தது போன்ற ஏற்பாடு. கேட்காமலேயே ஒரு கைப்பிடிக் குண்டை வெள்ளைத் தாளில் கொட்டி லென்சைக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்ததில் சில்லுகள் மிகச் சிலவே இருந்தன. புதிதாக ஒரு கூடத்துக்குப் போகிறவர்கள் சான்றிதழைக் கேட்பதற்கு முன் இந்தக் கைப்பிடிக் குண்டைக் கேட்பது நல்லது.

இனிக் குறைகள். கூலி, கிலோ கணக்கில், பழைய கூடம் வாங்கியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கே மனமில்லை. ஆனால் நாலரைக் கிலோ ஸ்பிரிங்கில் அது விலையைக் கண்ணுக்குத் தெரியும்படி ஏற்றுகிறது, எல்லா வாடிக்கையாளரும் ஏற்பதில்லை. நாள் கணக்குத்தான் பெரிய தொல்லை. நான்கு நாளில் தருவதாகச் சொல்வார்கள். கார் உதிரிபாகத்துக்குப் பெரிய ஆர்டர் வந்துவிட்டால் எங்கள் பெட்டிகள் ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஓராண்டில் மூன்று முறை பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது. கேட்டால் "நாளைக்குங்க" என்பார்கள். அந்த நாளை எது என்பது அவர்களுக்கும் தெரியாது.

துருதான் நான் உண்மையில் கோபப்பட்ட விஷயம். பீனிங் ஆன எஃகுப் பரப்பு, எந்தத் தோலும் இல்லாத புத்தம் புதுப் பரப்பு. ஈரக்காற்று பட்டாலே சிவக்கும். ஐப்பசி மழையில் ஒருமுறை 120 ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவாமல், தார்ப்பாய் சரியாக மூடாத வண்டியில் அனுப்பிவிட்டார்கள். வந்து இறங்கியபோது உட்பக்கமெல்லாம் செம்புள்ளி. துருவால் விழும் குழி அயர்வுக்கு மிக மோசமான எதிரி. கால் மில்லிமீட்டர் சொச்ச ஆழத்துக்கு அமுக்கத் தகைவை ஏற்றி வாங்கிவிட்டு, அதன் மேலேயே குழி விழ விடுவது காசைக் கரியாக்குவதுதான். நல்லவேளையாக அது மேலோட்டமான துருவாகவே இருந்தது, இலேசாகத் துடைத்ததும் போய்விட்டது. பேசிய பிறகு இப்போது துருத்தடுப்பு எண்ணெயில் முக்கிப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தருகிறார்கள். அதற்கும் தனிக் கூலி என்பதை டெலிவரி சலானைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எஞ்சிய தகைவை நேரடியாக அளக்கும் எக்ஸ்-ரே வசதி இவர்களிடம் இல்லை. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள், செலவு நம்முடையது. ஆல்மன் தகடு சொல்வது அடியின் வலுவைத்தான். நம் பொருளுக்குள் எவ்வளவு தகைவு தங்கியது என்பதை அது சொல்லாது. கிரஷர் ஸ்பிரிங்குக்கு இது போதும். விமான உதிரிபாகம் செய்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

கூடத்தின் மீது பழி போட்டுவிட்டு எங்கள் தவறை மறைப்பது முறையல்ல. இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தொகுதி பீனிங் முடிந்து வந்த பிறகு கடினம் இரண்டு புள்ளி கூடுதலாக இருப்பது தெரிந்தது. எங்கள் பட்டறையில் வேலை செய்யும் பையன், நல்லெண்ணத்தில், அவற்றை மறுபடி டெம்பர் உலையில் 430 பாகை செல்சியஸில் வைத்து எடுத்துவிட்டான். கடினம் சரியாகிவிட்டது. ஆனால் 250 பாகைக்கு மேல் போகப் போக அமுக்கத் தகைவு தளர்ந்து கரைந்துபோகும். 430-இல் சொல்லவே வேண்டாம். குழிகள் அப்படியே இருந்தன, அவை கொடுத்த பயன் பெரும்பாலும் போய்விட்டது. தொகுதி முழுவதையும் மறுபடி அனுப்பினோம். கூடத்தார் சிரிக்காமல் வாங்கிக்கொண்டு முழுக் கூலி போட்டார்கள். வெப்ப வேலை, முனை அரைப்பு எல்லாவற்றையும் முடித்த பிறகே பீனிங், அதன் பின் ஸ்பிரிங்கை அழுத்தி உயரம் நிலைப்படுத்துதல், கடைசியில் பெயிண்ட் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பவுடர் கோட்டிங் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால், அடுப்பின் வெப்பம் 200 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம்.

மேற்பரப்பை வலுப்படுத்த வேறு வழிகள் இல்லாமல் இல்லை. எஃகின் தோலில் நைட்ரஜனை ஏற்றும் நைட்ரைடிங் உண்டு, மின்தூண்டலால் தோலை மட்டும் சூடாக்கிக் குளிரவைக்கும் இண்டக்‌ஷன் கடினமாக்கல் உண்டு, கிராங்க் ஷாப்டின் வளைவு மூலைகளை உருளையால் அழுத்தித் தேய்ப்பது உண்டு. நைட்ரைடிங்குக்கு 500 பாகைக்கு மேல் வேண்டும். எங்கள் ஸ்பிரிங்கை அங்கே கொண்டுபோனால் டெம்பர் செய்து பிடித்த கடினம் இறங்கிவிடும். உருளை சுருளுக்குள் போகாது. ஆகவே எங்களுக்குக் குண்டடிதான்.

பலன் என்னவென்று கேட்பவர்களுக்கு: அதே கரூர் கிரஷரில், அதே சல்லடையில் போட்ட முதல் எட்டு ஸ்பிரிங்குகள் பதினொரு மாதமாக ஓடுகின்றன; ஒன்றும் உடையவில்லை. இதன் பெருமை முழுவதையும் பீனிங்குக்குக் கொடுத்துவிட முடியாது. அதே சமயத்தில் நாங்கள் கம்பியையும் மாற்றினோம். உருட்டி வந்தபடியே இருக்கும் கம்பியின் மேற்தோலில் கரி குறைந்து மென்மையாகியிருக்கும். அந்த மென்தோல் மேல் எவ்வளவு அடித்தாலும் போதிய தகைவு நிற்காது. இப்போது தோல் சீவிய கம்பியாக வாங்குகிறோம். இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தனித்தனியாகச் சோதித்திருக்க வேண்டும். உடைந்துகொண்டிருந்த வாடிக்கையாளரிடம் சோதனைக்கு அவகாசம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். கழித்த ஒன்று நாள் கணக்குக்கும் துருவுக்கும். அடுத்த மாதம் 20 மி.மீ. கம்பியில் புதிய அளவு ஒன்று போகிறது. சுருள் இடைவெளி இன்னும் குறுகலாக இருப்பதால் அதன் உள்முகத்துக்கு 0.41 செல்லாது என்று மூத்தவர் இப்போதே சொல்லிவிட்டார். தகடு பிடிக்கும் கட்டையைப் பற்றவைக்க, கழிவில் கிடந்த ஒரு ஸ்பிரிங்கை அறுத்து மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.